மேலே மழை கிடையாது

எங்கள் கம்பெனி லேபில் இருந்த பாய் எதையும் முழுசாக வெயிலில் வைக்க மாட்டார். பாதியை மூடிவிட்டுப் பாதியைத்தான் காட்டுவார். தோல் துண்டு என்றால் சரி, அது அவர் வேலை. இவரோ ஸ்கூட்டர் சீட், வீட்டு ஜன்னல் திரை, டிபன் பை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், கைக்கடிகாரத்தின் தோல் பட்டையில் பாதிக்கு அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னா பாய், வாட்சுக்கு ஜொரமா?” என்று கேட்டேன்.

“வெயிலு இன்னா பண்ணுதுன்னு பாக்க வேணாமா மா?” என்றார்.

அவர் சிரிக்கவில்லை. மனுஷன் பயந்துபோய்க் கிடக்கிறார் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. ஏதோ கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் மாதனூர்ப் பக்கம். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் செக்ஷன் சூப்பர்வைசராக இருந்தேன். புதுத் தோல் வந்து இறங்கினால் அதில் ஒரு துண்டை வெட்டி லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதன் சாயம் வெளிச்சத்துக்கு நிற்குமா நிற்காதா என்று பாய்தான் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருந்தார். உள்ளே சூரியன் மாதிரியே எரிகிற ஒரு விளக்கு. துண்டில் பாதியை மூடி உள்ளே வைத்துவிட்டு, நாள் கழித்து எடுத்து மூடியைப் பிரிப்பார். மூடியிருந்த பாதி வந்தபோது இருந்த மாதிரியே இருக்கும். மூடாத பாதி சில தோலில் அப்படியே நிற்கும், சில தோலில் பல் விளக்காத முகம் மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “செத்த தோலுக்கே இந்த கதின்னா…” என்பார். மீதியைச் சொல்ல மாட்டார். நானும் கேட்டதில்லை.

வேலூர் வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதிலேயே வறுபட்டவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் மூட்டம் போட்ட நாளில்கூடக் கறுப்புக் குடை இல்லாமல் இந்த மனிதரைப் பார்க்க முடியாது. நிழல் விழுகிற சுவரை ஒட்டியே நடப்பார். கேன்டீனுக்குப் போகிற பெண்களைப் பார்த்தால் “தலைய மூடிக்கம்மா, கைய மூடிக்கம்மா” என்பார். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, “நீ யாருய்யா எனக்கு மூடிக்கன்னு சொல்றதுக்கு?” என்று லேப் வாசலிலேயே சண்டைக்குப் போய்விட்டாள். பாய் பேந்தப் பேந்த விழிக்கிறார். நான்தான் நடுவில் புகுந்து, “அடியேய், அவரு மதத்த பத்தி சொல்லலடி. சூரியன பத்தி சொல்றாரு” என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு மட்டும் வெளிச்சமெல்லாம் பேயாக இருந்தது.

ஒரு ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. திரை போட்ட கூடத்தில் கண் பழகுவதற்குள் ஒரு பெண் பிள்ளை கண்ணாடிக் கிண்ணத்தில் சேமியா கொண்டுவந்து நீட்டினாள். தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, கண்ணிமை மயிர்கூட வெள்ளை. கை ரோஜாப்பூ நிறம். எனக்கு ஒரு நொடி பகீரென்றது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“பயப்படாதீங்க அக்கா, நா பேய் இல்ல. பாயோட பொண்ணு” என்று சொல்லிச் சிரித்தாள்.

பிறக்கும்போதே தோலில் நிறம் ஊறாத பிள்ளை அவள். அது தொற்றுகிற வியாதி இல்லை, குஷ்டமும் இல்லை, வெண்புள்ளியும் இல்லை. நம் தோலுக்குள் இருக்கிற கறுப்பு நமக்கு ஒரு குடை. அந்தக் குடை இல்லாமல் அவள் பிறந்துவிட்டாள், அவ்வளவுதான். நமக்குக் கறுக்கிற வெயில் அவளுக்குப் புண்ணாகும். கண் கூசும், பார்வையும் கம்மி. கவனமாக இல்லாவிட்டால் பின்னாளில் தோலில் புற்றுநோய் வரக்கூடும் என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே டாக்டர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து பாய் சூரியனை உளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளோ அப்பாவுக்கு நேர் எதிர். கையுறை மாட்டிக்கொண்டு, பெரிய கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வேலூர் போய் டிகிரி முடித்தவள். தெருவில் பையன்கள் “வெள்ளக்காரி” என்று கத்தினால் நின்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை விட்டுவிட்டுத்தான் நகருவாள். வெளியே போவதென்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. “வூட்லயே இருக்கறதுக்கு நா இன்னா பீரோவா?” என்பாள்.

பாய் வெயிலுக்கு மட்டும் பயப்பட்டவர் என்றால் அதோடு போயிருக்கும். புகைக்கும் பயப்பட்டார். ஒரு முறை எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் குப்பை அள்ளுகிற காண்ட்ராக்ட் ஆள் தோல் வெட்டின கழிவுத் துண்டுகளைக் குவித்துத் தீ வைத்துவிட்டான். நாற்றம் குடலைப் பிடுங்கியது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினால், இவர் வாளித் தண்ணீரோடு வெளியே ஓடுகிறார். செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தீயை அணைத்துவிட்டு அந்த ஆளைப் பிடித்து உலுக்கினார்.

“தோல பதப்படுத்தப் போட்ட குரோம், தோலுக்குள்ள இருக்கற வரைக்கும் சாதுப்பா. நெருப்பு வெச்சா அது வேற ஆளு, விஷம்! தூங்கினு இருந்தத எழுப்பிட்டியே!”

“பழைய தோல எரிச்சா இன்னா சார் ஆயிடும்?” என்றான் அவன் ஒன்றும் புரியாமல். பாய் அன்று முழுவதும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கொரோனாவுக்கு முந்தின அந்த வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் காடு எரிந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கேன்டீன் டிவியில் கங்காரு ஓடுவதையும், வெந்துபோன கரடிக் குட்டி மாதிரி ஒன்று தண்ணீர் குடிப்பதையும் பார்த்து நாங்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினோம். பாய் மிருகங்களைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு மேலே எழும்பி நின்ற அந்தக் கறுத்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு தட்டில் காய்ந்தது.

“மா, அந்தப் புகை எங்க போச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“புகை எங்க போவும் பாய், காத்துல போவும். நீங்க சாப்புடுங்க.”

“நம்மூருல குப்பைய எரிச்சா புகை கொஞ்ச ஒசரம் போவுது. பரவுது. ஒரு மழ வந்தா கழுவிடுது. இது அப்படி இல்லமா. அவ்ளோ காடு ஒண்ணா எரிஞ்சா, அந்தச் சூட்டுல நெருப்பே தனக்கு ஒரு மேகத்த கட்டிக்குதாம், இடி மின்னலோட. அந்த மேகம் புகைய அப்படியே தூக்கி, பிளேன் போற ஒசரத்துக்கும் மேல தள்ளிடுதாம். போன கரி வெயில்ல சூடாயி தானா இன்னும் மேல ஏறுதாம். அங்க இன்னா இல்ல தெரியுமா?”

“இன்னா இல்ல?”

“மழ. மேல மழ கெடையாதுமா. யாரு கழுவுவா அத?”

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை வானம் என்றால் மழை வருகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். மழையே இல்லாத ஒரு வானம் அதற்கும் மேலே இருக்கிறது, அங்கே ஒரு அழுக்குப் போனால் மாசக்கணக்கில் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த மாசி மாதம் ஒடுகத்தூர்ப் பக்கம் என் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. பாய் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருக்காகவே அண்ணன் ஆம்பூரிலிருந்து பிரியாணி மாஸ்டரைக் கூட்டி வந்திருந்தான். பந்தியில் உட்காரும்போது பார்த்தால், ஊருக்கு மேலே மலையில் ஒரு பக்கம் நெருப்பு ஊர்ந்துகொண்டிருக்கிறது. எங்களுக்கு அது வருஷா வருஷம் பார்க்கிற காட்சி. பாய் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

“யாரு வெச்சது?”

என் பெரியப்பா சாவகாசமாக எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “ஆடு மேய்க்கறவன் எவனாச்சும் வெச்சிருப்பான் பாய். பழசு எரிஞ்சாதான புதுப் புல்லு தழையும்? மழ வந்தா அணைஞ்சிடும், நீங்க ஒக்காருங்க” என்றார்.

“தழையட்டும்னு வெக்கறாங்களா?” என்று பாய் என்னைக் கேட்டார். அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. விசேஷ வீட்டில் இது என்ன கூத்து!

“பாய், இந்தப் புகை உங்க மேல் வானத்துக்குப் போவுமா? நேரா சொல்லுங்க.”

“போவாது. இது சின்னது. கீழயே கரைஞ்சிடும்.”

“அப்ப இன்னாத்துக்கு பேஜார்? பிரியாணி ஆறிப்போவுது.”

“இங்க ஆட்டுக்காரன் புல்லுக்காக வெக்கறான். அங்க மின்னல் வெச்சுது, வறட்சி வெச்சுது. யாரும் கெட்டவன் இல்லமா. அதான் எனக்குப் பயமா இருக்குது. கெட்டவன் வெச்சா போய் கால்ல விழலாம்.”

அவர் பெண் அதற்குள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, எங்கள் நிலத்து வரப்பில் மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் இறங்கியதும் குடையை மடக்கினாள். துப்பட்டாவை இறக்கிவிட்டு, காற்றில் அந்த வெள்ளை முடி பறக்க நின்றாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. பாய் இங்கிருந்து கத்தினார். அவள் திரும்பி, “அப்பா, வெயில் போய்டுச்சு! என்னையும் காத்து வாங்க வுடுங்க!” என்று பதிலுக்குக் கத்தினாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கொரோனா வந்தது, போனது. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் ஆம்பூர்க் குடும்பம்தான். வேலை ஆஸ்திரேலியாவில், அதுவும் தெற்கு ஓரத்தில் கடல் பக்கமாக ஒரு குளிர் ஊரில். பெண்ணை நேரில் பார்த்துப் பிடித்துப் போய்ச் சரி என்றவன். தங்கமான பையன். உறவுக்காரர்கள் எல்லாம் அல்லாவுக்கு நன்றி சொன்னார்கள். பாய் மட்டும் லேபில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா பாய், குளிர் ஊரு. இந்த வேலூர் வெயில்ல இருந்து புள்ள தப்பிச்சுதுன்னு சந்தோசப்படுவீங்களா, அத வுட்டுட்டு!”

“இங்க சுட்டா தெரியும்மா, நெழலுக்கு ஓடுவ. அங்க குளிரும், ஆனா சுடும். ஒடம்புக்கே தெரியாது. தெரியறப்போ தோல் போயிருக்கும்.” அப்புறம் போனைத் திருப்பிக் காட்டினார். “அதோட இது வேற. அன்னிக்கு நா கேட்டேன் இல்ல, புகை எங்க போச்சுன்னு? இப்ப சொல்றாங்க. ஓசோன போய் தின்னுச்சாம்.”

ஓசோன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன், மறந்துவிட்டேன் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். வெயிலில் இருக்கிற விஷத்தை வடிகட்டுகிறது அது. பழைய பிரிட்ஜ், ஏசி வாயு எல்லாம் மேலே போய் அதை அரித்து, தென்துருவத்துக்கு மேலே ஓட்டை போட்டது. உலகமே சேர்ந்து அந்த வாயுவை நிறுத்தியது. ஓட்டை மெல்ல மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் தன் பெண்ணை நினைத்துக்கொள்வாராம், இவள் கிழவி ஆவதற்குள் வானம் சரியாகிவிடும் என்று.

“ஆனா பழைய வாயுல இருந்து வந்த குளோரின் இன்னும் மேலதான் இருக்குது. முக்காவாசி ஆசிட்டா மாறி சும்மா கெடக்குது. நீ டானரியில தோல் ஊறப்போட்டு சுத்தற டிரம் பாத்திருக்க இல்ல? தோல் போடாம ஆசிட்ட மட்டும் ஊத்தி சுத்தவுட்டா இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது. சும்மா சுத்தும்.”

“தோல போட்டாதான வேல நடக்கும்? மேல ஆசிட் இருந்துச்சு, தோல் இல்ல. தென்துருவத்துல மட்டும் கடுங்குளிர்ல ஐஸ் மேகம் வரும். அது மேல ஆசிட் ஒக்காந்து வேலைய காட்டும். மத்த எடத்துல அவ்ளோ குளிர் இல்ல, தப்பிச்சோம். இப்போ புகைத்தூள் போய் நெறைஞ்சிடுச்சு. எண்ணெப் பிசுக்கு புடிச்ச தூளு. அதுல ஆசிட் ஊறுதாம்மா, அவ்ளோ குளிர்கூட தேவைப்படலயாம். ஊறுனா குளோரின் அவுந்துக்கும். அவுந்தா ஓசோன தின்னும். தின்னுட்டு சாவாது. அடுத்தத தின்னும்.”

என் வாய் சும்மா இருக்குமா? “எவ்ளோ தின்னுச்சாம்?” என்றேன்.

“கொஞ்சந்தான். புகை எறங்குனதும் மறுபடி சரியாயிடுமாம்.”

“அவ்ளோதான பாய்!”

“எனக்கும் உனக்கும் கொஞ்சம். அவளுக்கு? அப்புறம் அடுத்த நெருப்பு, அதுக்கு அடுத்த நெருப்பு? இனிமே காடு எரியாம இருக்கப் போவுதா? ஆறின புண்ண வந்து வந்து கீறிட்டுப் போனா எப்பமா ஆறும்?”

கல்யாணம் நடந்தது. பெண் ஒரே பிடியாகப் போகிறேன் என்றாள். “அங்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்களாம் அக்கா. நா பாட்டுக்கு கடைக்குப் போவலாம், கடலுக்குப் போவலாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அவள் கிளம்பும்போது பாய் ஒரு தோல் துண்டைக் கொடுத்தனுப்பினார். சிவப்புச் சாயம், பாதிக்கு அலுமினியத் தாள் சுற்றியது. டெஸ்ட்டில் தோற்றுப்போன சரக்கிலிருந்து வேண்டுமென்றே எடுத்தார். லேசான வெளிச்சம் பட்டாலே வெளுத்துவிடுகிற மட்டமான சாயம். பால்கனியில் மாட்டி, அங்கத்திய கோடை முடிந்ததும் அனுப்பு என்றார். அதே தோலில் இன்னொரு துண்டை எங்கள் கம்பெனி மாடியில் மாட்டினார்.

“ஏன் பாய், ஓசோன் கொஞ்சம் கொறஞ்சா அது இந்தத் தோல்ல தெரியுமா?”

“தெரியாது” என்றார் உடனே. “மேகம், மழ, ஊரு, எல்லாம் சேந்து வெளுக்கும். எது எதனாலன்னு பிரிக்க முடியாது. எனக்கே தெரியும், இது பைத்தியக்காரத்தனம். ஆனா எனக்கு வேற இன்னா பண்ணத் தெரியும்மா?”

அவள் போன நாள் முதல் காலைத் தொழுகை முடிந்ததும் போனில் அந்த ஊர் வெயில் கணக்கைப் பார்த்து அவளுக்கு மெசேஜ் போடுவார். இன்றைக்கு ஜாஸ்தி, வெளியே போகாதே. இன்றைக்கு ரொம்ப ஜாஸ்தி, ஜன்னல் பக்கம் நிற்காதே. பக்கத்தில் எங்கேயோ காடு எரிகிறதாம், கதவைச் சாத்திக்கொள். ஒரு நாள் கூட விட்டதில்லை. அவளும் “சரிப்பா” என்று பதில் போடுவாள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, “பாய், அந்தப் புள்ளைய நிம்மதியா இருக்க வுடுங்க” என்று சொல்வேன். காதில் விழாத மாதிரி இருப்பார்.

பங்குனி பிறந்த சமயம், அங்கே கோடை முடிந்திருந்தது. அங்கிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் அந்தத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். டீ பிரேக்கில் பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தனியாகப் பிரிக்கத் தைரியம் இல்லை போலிருக்கிறது. மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் வைத்து, அலுமினியத் தாளை மெதுவாக உரித்தார்.

இரண்டு பாதியும் ஒரே சிவப்பு. கோடு எங்கே என்றே தெரியவில்லை.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! “பாத்தீங்களா பாய்! ஒண்ணும் ஆவல! வானம் கெட்டியா இருக்குது. இத்தன நாளா என்னையும் சேத்து பயமுறுத்தி வெச்சிருந்தீங்க!” என்று மேஜையைத் தட்டினேன்.

பாய் துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் காட்டினார். திருப்பினார். மாடியில் மாட்டியிருந்ததை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதன் மூடாத பாதி சாம்பல் பூத்துக் கிடந்தது.

“இது அவ்ளோ மட்டமான சாயம்மா. ஜன்னல் ஓரம் வெச்சாகூட வெளுத்துடும். ரூமுக்குள்ள வெச்சாகூட ஒரு கோடாச்சும் விழும்.” துண்டை மேஜையில் வைத்தார். “இது வெளிச்சத்தையே பாக்கல. அவ வூட்ல வெளிச்சமே இல்ல.”

வரப்பில் முடி பறக்க நின்ற பெண் கண் முன்னால் வந்தாள். பயத்தோடு கோபமும் வந்தது, அடக்க முடியவில்லை.

“நீங்கதான் பாய்! தெனம் தெனம் போவாத போவாதன்னு சொல்லி அந்தப் புள்ளைய உள்ள வெச்சு பூட்டிட்டீங்க! சூரியன் பண்ணாதத நீங்க பண்ணிட்டீங்க!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் போனை எடுத்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். நமக்குக் காலை, அங்கே அப்போது சாயங்காலம் சாய்கிற நேரம். உருதுவில்தான் பேசிக்கொண்டார்கள். ஆம்பூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது புரியாமல் போகுமா?

“துண்டு வந்துச்சும்மா. எங்க வெச்சிருந்த அத?”

“பீரோவுக்குள்ள” என்றாள். குரல் எவ்வளவோ சின்னதாகப் போயிருந்தது. “பால்கனியில மாட்டணும்னா கதவத் தொறக்கணும் இல்லப்பா. தொறக்கவே பயமா இருந்துச்சு. நல்ல ரிசல்ட்டா வந்தா நீங்களும் நிம்மதியா இருப்பீங்கன்னு…”

“கடசியா எப்ப வெளிய போன?”

“தெரியல. அவருதான் கடைக்குப் போறாரு. வான்னு கூப்புடறாரு. நாந்தான் மாட்டேன்றேன்.” திடீரென்று அழுகை வந்துவிட்டது அவளுக்கு. “நீங்கதானப்பா சொன்னீங்க, மேல ஓட்ட ஆயிடுச்சுன்னு? புகைய கழுவ அங்க மழயே இல்லன்னு?”

பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே, வேறு யாரோ பேசுகிற மாதிரி, தெம்பான குரலில் சொன்னார்.

“அந்தப் புகை எல்லாம் எறங்கிடுச்சும்மா. பேப்பர்ல போட்டுட்டான். இப்போ வானம் நல்லா இருக்குது. நீ முழுக்கை போட்டுக்க, கிரீம் தடவிக்க, தொப்பி போட்டுக்க. கதவத் தொற.”

“இப்பவா?”

“இப்பவே. வெயில் சாஞ்சிருக்கும். நா லைன்லயே இருக்கேன்.”

ஏதோ உருட்டுகிற சத்தம், அலமாரி சத்தம். அப்புறம் தாழ்ப்பாள். போன் முழுக்கக் காற்று இரைந்தது. எங்கோ ஒரு குழந்தை கத்தியது, ஏதோ பறவை கூவியது. நடுவில் அவள் மூச்சு கேட்டது.

“இன்னாம்மா தெரியுது?”

“கடல் தெரியுதுப்பா. வானம் ஒரே நீலம்.”

பாய் போனின் மேல் உள்ளங்கையைப் பொத்தி என்னைப் பார்த்தார். “நீலமா இருந்தா ஒண்ணும் அர்த்தம் இல்ல. ஓட்டயா இருந்தாலும் நீலமாத்தான் இருக்கும்” என்று தமிழில், கிசுகிசுப்பாகச் சொன்னார்.

“நீங்க சொன்னது பொய்யா பாய்?”

“பழைய புகை எறங்குனது நெஜம். இந்த வருஷம் எரிஞ்சது எங்க இருக்குதுன்னு எனக்கு எப்படிமா தெரியும்?”

போனுக்குள்ளே அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. “அப்பா, ரொம்ப நல்லா இருக்குப்பா. நாளைக்கும் வெளிய வரட்டா? கடல் வரைக்கும் நடக்கட்டா?”

அவர் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அவள் “அப்பா? அப்பா?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“நீ சொல்லும்மா. இன்னா சொல்லட்டும் நா?”

போகச் சொன்னால், நாளைக்கு அந்த ரோஜாப்பூக் கையில் ஒரு புள்ளி வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றால், மறுபடி அந்தப் பீரோ. என் வாழ்க்கையில் வானத்தை நினைத்து நான் அவ்வளவு பயந்ததில்லை.

“போவச் சொல்லுங்க பாய்” என்றேன்.

அவர் கையை எடுத்தார்.

“போம்மா” என்றார். “தெனமும் போ.”